கடலும் காற்றும் இந்த மாதம் எப்படி? சிங்கப்பூரிலிருந்து நீங்களே கணக்கு வைக்கும் வழி

ஏப்ரல், மே வந்தாலே "எல் நினோ வருது, இந்த வருஷம் வெயில் கொளுத்தப் போகுது, புகைமூட்டம் நிச்சயம்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். எல் நினோ என்பது நடுப் பசிபிக் கடல் இயல்பைவிடச் சூடாகி, அதோடு காற்றும் மேகமும் மாறுவது; கடல் குளிர்ந்து நேர் எதிராக நடந்தால் லா நினா. சில சமயம் வாட்ஸ்அப்பில் வருவது பழைய செய்தி. சில சமயம் செய்தி சரிதான், ஆனால் சிங்கப்பூருக்கு அதனால் என்ன, எந்த மாதத்தில், என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. இதைப் படித்துக் குழம்புவதைவிட மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி, கடலும் வளிமண்டலமும் என்ன நிலையில் இருக்கின்றன என்று நீங்களே பார்த்து எழுதிவைப்பது நல்லது. தகவல் எல்லாம் இலவசம், இணையத்தில் திறந்தே கிடக்கிறது. வானிலைப் படிப்பெல்லாம் வேண்டாம். சமூகத் தோட்டத்தில் கீரை போடுபவர், பிடோக் ஜெட்டியில் தூண்டிலோடு உட்காருபவர், கட்டுமானத் தளத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர், வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருப்பவர் என்று யாருக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் குடை எடுக்கலாமா என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது. அதற்குச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் செயலி இருக்கிறது. இங்கே நாம் பார்ப்பது பின்னணியை: அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மழை எந்தப் பக்கம் சாய வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும்.

எப்போது பார்ப்பது

அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பருவநிலை முன்கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை எல் நினோ, லா நினா பற்றிய மாத அறிக்கையை வெளியிடுகிறது. அங்கே காலை 9 மணி, நமக்கு அன்று இரவு 9 அல்லது 10, அவர்கள் கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்துவதைப் பொறுத்து. அதனால் அதற்கு அடுத்து வரும் சனி, ஞாயிற்றையே உங்கள் கணக்கு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சாங்கி வானிலை நிலையத்தின் போன மாதத்து மழைக் கணக்கு முடிந்திருக்கும், ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் பருவநிலைச் சேவையின் மாத அறிக்கையும் வந்திருக்கும்.

தினமும் பார்க்காதீர்கள். உண்மையாகச் சொல்கிறேன், தினமும் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பசிபிக்கின் வெப்பம் ஒரு வாரத்தில் கால் டிகிரி ஏறி அடுத்த வாரம் இறங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டுக் குடும்பக் குழுவில் "உறுதி" என்று போட்டுவிடுவார்கள்.

எக்ஸெலோ கூகள் ஷீட்ஸோ, ஒரு தாளைத் திறந்து இந்தப் பத்திகளைப் போடுங்கள்: மாதம், நினோ 3.4, எஸ்ஓஐ, காற்றும் மேகமும், இருமுனை, எம்ஜேஓ, சாங்கி மழை, சாங்கி சராசரி வெப்பம், குறிப்பு. மாதத்துக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான். இந்தப் பெயர்கள் என்னவென்று கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதே ஒழுங்கில் நிரப்புவது முக்கியம். முதலில் கடல், அப்புறம் வளிமண்டலம், கடைசியில்தான் நம் ஊர்.

நடுப் பசிபிக்: மேலேயும் கீழேயும்

நினோ 3.4 என்பது ஹவாய்த் தீவுகளுக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 170லிருந்து 120 வரை போட்ட ஒரு கற்பனைப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் கடல் மேற்பரப்பு இயல்பைவிட எத்தனை டிகிரி சூடு, எத்தனை டிகிரி குளிர்ச்சி என்ற ஒரே எண்ணைத்தான் உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. நோவாவின் கணக்கில் 0.5 டிகிரி செல்சியஸ் கூடினால் எல் நினோ பக்கம், 0.5 குறைந்தால் லா நினா பக்கம், இடையில் இருந்தால் நடுநிலை. ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகமோ 0.8ல் கோடு போடுகிறது. ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் "வந்துவிட்டது" என்பதும் இன்னொருவர் "இன்னும் இல்லை" என்பதும் சாதாரணம். யாரும் பொய் சொல்லவில்லை, கோடுதான் வேறு.

வார எண் ஒன்று, மாத எண் ஒன்று, மூன்று மாதச் சராசரி ஒன்று என்று மூன்று வகை வெளியாகும். தாளில் மாத எண்ணை எழுதுங்கள், பக்கத்தில் மூன்று மாதச் சராசரியையும் எழுதினால் இன்னும் நல்லது. இன்னொரு சங்கதி: எல்லாக் கடலும் சூடாகிக்கொண்டே வருகிறபோது நினோ 3.4 மட்டும் சூடு என்று சொல்வதில் பெரிய அர்த்தமில்லை என்பதால், வெப்பமண்டலக் கடல்களின் சராசரியைக் கழித்துவிட்டுச் சொல்லும் "ஒப்பீட்டு" நினோ குறியீட்டையும் இப்போது வெளியிடுகிறார்கள். இரண்டும் ஒரே மாதத்துக்கு வேறு வேறு எண் காட்டும். எதை எடுத்தாலும் சரி, ஆனால் எடுத்ததை மாற்றாதீர்கள். ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் மற்றொன்று என்று எழுதிவைத்தால் அந்தப் பத்தியை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

மேற்பரப்பு எண்ணோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது பாதிக் கதை. நோவாவின் வார அறிக்கையில், பசிபிக்கை நிலநடுக்கோட்டோடு நெடுக்காக வெட்டிக் காட்டுவது போல ஒரு படம் வரும். இடது ஓரம் இந்தோனேசியப் பக்கம், வலது ஓரம் தென் அமெரிக்கா, மேலிருந்து கீழே ஆழம் மீட்டரில். சிவப்பு என்றால் இயல்பைவிடச் சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி. வழக்கமான நிலையில் மேற்கே வெதுவெதுப்பான நீர் 150 மீட்டருக்கு மேல் தடிமனாகக் கிடக்கும், கிழக்கே அது மெலிந்து, குளிர்ந்த ஆழ்நீர் கிட்டத்தட்ட மேலேயே வந்துவிடும். இந்தப் படத்தை மாதா மாதம் சேமித்துவைத்து அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் நடுக்கடலில் 150 மீட்டர் ஆழத்தில் ஒரு சிவப்புத் திட்டு தெரியும். அடுத்த மாதம் அது வலப்பக்கம் நகர்ந்து 100 மீட்டருக்கு ஏறியிருக்கும். அதற்கடுத்த மாதம் தென் அமெரிக்கக் கரைக்குப் பக்கத்தில் மேலே எட்டிப் பார்க்கும். கெல்வின் அலை என்பது இதுதான், பசிபிக்கைக் கடக்க அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மேற்பரப்பு எண் இன்னும் சும்மா இருக்கும்போதே அடியில் என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை இந்த ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கான அளவுகள் நிலநடுக்கோட்டோரம் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைகளிலிருந்தும், 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டே பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி ஏறும் ஆர்கோ கருவிகளிலிருந்தும் வருகின்றன. உலகக் கடல்களில் இந்தக் கருவிகள் கிட்டத்தட்ட 4,000 இருக்கின்றன.

வளிமண்டலம் ஒத்துப்போகிறதா

ஒரு கை தட்டினால் ஓசை வராது. கடல் சூடானால் மட்டும் எல் நினோ ஆகிவிடாது, மேலே காற்றும் மேகமும் அதற்குப் பதில் கொடுக்க வேண்டும். செய்திகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்தப் பாதிதான்.

முதல் எண் எஸ்ஓஐ, அதாவது தென்பகுதி அலைவுக் குறியீடு. தஹிட்டித் தீவின் காற்றழுத்தத்தையும் ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள காற்றழுத்தத்தையும் ஒப்பிட்டுச் சொல்வது. ஆஸ்திரேலியக் கணக்கில் இது தொடர்ந்து மைனஸ் 7க்குக் கீழே இருந்தால் எல் நினோவின் அடையாளம், பிளஸ் 7க்கு மேலே இருந்தால் லா நினா. நோவாவும் எஸ்ஓஐ போடுகிறது, ஆனால் அதன் அளவுகோல் வேறு: ஆஸ்திரேலியக்காரர்களின் மைனஸ் 10 அங்கே ஏறக்குறைய மைனஸ் 1 என்று வரும். இரண்டையும் கலந்தால் தாள் நாசம். தினசரி எஸ்ஓஐயைத் தொடவே வேண்டாம், டார்வின் பக்கம் ஒரு புயல் சின்னம் வந்தாலே அது தலைகீழாகிவிடும். மாத எண், அல்லது 90 நாள் சராசரி போதும்.

அடுத்து காற்றும் மேகமும். இதற்கு எண் வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். நடுப் பசிபிக்கில் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று இயல்பைவிட வலுவா, தளர்வா? பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சின் வரைபடத்தில் சர்வதேசத் தேதிக் கோட்டின் அருகே மேகம் கூடியிருக்கிறதா, இந்தோனேசியா மேல் குறைந்திருக்கிறதா? அந்தப் படத்தில் விலகல் எதிர்மறை என்றால் மேகம் அதிகம், ஏனென்றால் உயரமான மேகத்தின் குளிர்ந்த உச்சி குறைவாகத்தான் வெப்பத்தை வெளியே விடும். முதலில் இது குழப்பும், இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும். தேதிக் கோட்டில் மேகம் கூடி, நம் பக்கம் மேகம் குறைந்து, வணிகக் காற்றும் தளர்ந்து, எஸ்ஓஐயும் மைனஸில் ஆழமாக இருந்தால், கடலும் காற்றும் கை கோத்துவிட்டன என்று அர்த்தம்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2014ஐப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் பசிபிக்கின் அடியில் பெரிய கெல்வின் அலை ஒன்று கிளம்பியது, 1997 போல ஒரு பெரிய எல் நினோ வரப்போகிறது என்று ஊடகங்கள் எழுதித் தள்ளின. ஆனால் வளிமண்டலம் அசைந்து கொடுக்கவில்லை, பெரிதாக எதுவும் நடக்காமல் அந்த ஆண்டு கழிந்தது. பெரிய எல் நினோ வந்தது அடுத்த ஆண்டுதான். கடல் பத்தியை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு 2014 ஒரு புதிர். காற்றுப் பத்தியும் வைத்திருந்தவர்களுக்கு அது புதிரே இல்லை.

மார்ச்சிலிருந்து மே வரை வரும் எந்த முன்கணிப்பையும் பாதி நம்பிக்கையோடு படியுங்கள் என்பதும் இதனால்தான். அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கம் திரும்பும் என்பது கணினி மாதிரிகளுக்கே பிடிபடாது. ஜூன், ஜூலைக்குப் பிறகு முன்கணிப்பின் தரம் நன்றாகவே ஏறும். வாட்ஸ்அப் வதந்தி ஏப்ரலில் வருவதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நமக்குப் பக்கத்துக் கடல்

பசிபிக் தூரத்தில் இருக்கிறது. சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தியப் பெருங்கடல், அதைப் பார்க்காமல் சிங்கப்பூரின் மழையைப் பற்றிப் பேசுவது வீண். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பது ஆப்பிரிக்கா பக்கத்துக் கடலின் வெப்பத்துக்கும் சுமத்ரா, ஜாவாவை ஒட்டிய கடலின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம். 1999ல்தான் இதை இந்தப் பெயரில் அறிவியல் உலகம் அடையாளம் கண்டது. பிளஸ் 0.4 டிகிரியைத் தாண்டிச் சில வாரங்கள் நின்றால் நேர்மறை: சுமத்ரா பக்கத்துக் கடல் குளிர்ந்திருக்கும், நமக்கு மழை குறையும். மைனஸ் 0.4க்குக் கீழே போனால் எதிர்மறை: பக்கத்துக் கடல் சூடு, மழை கூடும் வாய்ப்பு.

இந்தப் பத்தியை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை கவனமாக நிரப்புங்கள். டிசம்பர் வாக்கில் பருவக்காற்று தெற்கே இறங்கியதும் இருமுனை தானாகவே கலைந்துவிடும், ஏப்ரல் வரை அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை, ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடலாம்.

2019ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் நடுவில் பசிபிக் நடுநிலைக்குத் திரும்பிவிட்டது. எல் நினோவை மட்டும் பார்த்தவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆனால் இருமுனை ஏறிக்கொண்டே போய் அக்டோபரில் 2 டிகிரியையும் தாண்டியது. செப்டம்பரிலேயே இங்கே காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 100ஐத் தாண்டி, கார்ப்பந்தயம் நடக்குமா நடக்காதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 செப்டம்பர் வரிசையைப் பார்த்தால் போதும். நினோ 3.4 பிளஸ் 2ஐத் தாண்டியிருந்தது, எஸ்ஓஐ மைனஸ் 15க்கும் கீழே, இருமுனை நேர்மறை. எல்லாப் பத்தியும் ஒரே பக்கம் சாய்ந்த மாதம். குறிப்புப் பத்தியில் ஒரு வரி போதும்: செப்டம்பர் 25, புகையால் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடல்.

எம்ஜேஓ என்ற சுற்றும் மழை

மேலே சொன்னவை மாதக்கணக்கில் நிற்பவை. எம்ஜேஓ அப்படியல்ல. மேடன், ஜூலியன் என்ற இருவர் 1971ல் எழுதியதால் அவர்கள் பெயரால் மேடன் ஜூலியன் அலைவு. மழை மேகக் கூட்டம் ஒன்று இந்தியப் பெருங்கடலில் கிளம்பி, நம்மைத் தாண்டி, பசிபிக் நோக்கிக் கிழக்கே நகர்ந்து, 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றி வருவது.

இதற்கு ஒரு வட்டப் படம் இருக்கிறது, முதல் முறை பார்ப்பவருக்குக் குழந்தை கிறுக்கியது போலத்தான் தெரியும். பொறுமையாகப் பாருங்கள். படம் எட்டுத் துண்டாகப் பிரிந்திருக்கும், 1லிருந்து 8 வரை. கீழே 2, 3: இந்தியப் பெருங்கடல். வலப்பக்கம் 4, 5: நாம் இருக்கும் தீவுக் கூட்டம். மேலே 6, 7: மேற்குப் பசிபிக். இடப்பக்கம் 8, 1: அமெரிக்கா, ஆப்பிரிக்கா பக்கம். நடுவில் ஒரு சிறிய வட்டம். எம்ஜேஓ நாளுக்கு நாள் எங்கே இருக்கிறது என்று காட்டும் கோடு அந்த வட்டத்துக்குள் சுருண்டு கிடந்தால் எம்ஜேஓ பலவீனம், "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். வட்டத்துக்கு வெளியே கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் தெளிவாகச் சுற்றினால் அது உயிரோடு இருக்கிறது. அது 2லிருந்து 4 வரையான துண்டுகளில் இருக்கும்போது நம் பக்கம் மழை கூட வாய்ப்பு, 6லிருந்து 8 வரை இருக்கும்போது குறைய வாய்ப்பு. மாதத்தின் முதல் பாதியில் எந்தத் துண்டு, இரண்டாம் பாதியில் எந்தத் துண்டு என்று இரண்டு எண் எழுதினால் போதும். லா நினா ஆண்டிலும் இரண்டு வாரம் காய்ந்து கிடந்தது ஏன், எல் நினோவிலும் ஒரு வாரம் கொட்டித் தீர்த்தது ஏன் என்று பின்னால் தேடும்போது பல நேரம் விடை இந்தப் பத்தியில்தான் இருக்கும்.

இத்தனை இடம் சுற்ற நேரமில்லை என்பவர்களுக்கு ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு மையத்தின் தளம் இருக்கிறது. 1993லிருந்து நம் வானிலை ஆய்வகமே நடத்துவது, சிங்கப்பூரிலேயே இருக்கிறது. எல் நினோ, இருமுனை, எம்ஜேஓ மூன்றின் நிலையும், தென்கிழக்காசியாவுக்கான மாத, பருவ முன்கணிப்பும், தீப்புள்ளிகளும் புகை நிலவரமும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். நம் வட்டாரத்துக்கு என்ன அர்த்தம் என்பதை அமெரிக்க அறிக்கையைவிட அவர்கள்தான் நன்றாகச் சொல்கிறார்கள். மாதம் பத்து நிமிடம்தான் முடியும் என்றால் அதை மட்டும் படியுங்கள்.

இங்கே இப்போது என்ன மாதம்

தாளில் எண்கள் ஏறிவிட்டன. இனிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது சிங்கப்பூரில் எந்தப் பருவம்? ஒரே எல் நினோ, ஜூலையில் ஒரு மாதிரி, டிசம்பரில் வேறு மாதிரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. எல் நினோவும் நேர்மறை இருமுனையும் நம் மழையில் அதிகம் கை வைப்பது இப்போதுதான். காற்று வரும் திசையில் இருக்கும் சுமத்ரா காய்ந்தால் தீ, தீ என்றால் புகை, புகை நேராக இங்கே. ஜூனிலிருந்து அக்டோபர் வரை நினோ 3.4லிருந்து இருமுனை வரை நான்கு பத்திகளும் மழை குறையும் பக்கமே சாய்ந்தால் முகக்கவசம், காற்றுச் சுத்திகரிப்புக் கருவிக்கு வடிகட்டி எல்லாம் முன்னாடியே வாங்கி வைத்துவிடுங்கள். பிஎஸ்ஐ ஏறிய பிறகு கடைக்கு ஓடினால் அலமாரி காலியாக இருக்கும்.

டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பாதி. இப்போது நினோ எண்ணைவிடப் பெரிய ஆள் தென்சீனக் கடலிலிருந்து பொங்கி வரும் குளிர்காற்று. ஒருமுறை வந்தால் சில நாள் விடாமல் தூறிக்கொண்டும் கொட்டிக்கொண்டும் இருக்கும். 2021 ஜனவரி 1, 2 இரண்டே நாளில் சாங்கியில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, அது ஜனவரி முழுவதற்குமான சராசரியைவிட அதிகம். அப்போது லா நினா இருந்தது உண்மை. ஆனால் இரண்டு நாள் மழைக்கு முழுப் புகழையும் லா நினாவுக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

பிப்ரவரி, மார்ச் தொடக்கம் அதே பருவக்காற்றின் காய்ந்த பாதி. 2014 பிப்ரவரியில் சாங்கியில் மாதம் முழுவதற்கும் பெய்தது 0.2 மில்லிமீட்டர். அப்போது எல் நினோ இல்லை. இந்த மாதங்களில் மழை காணாமல் போக எல் நினோவின் அனுமதி தேவையில்லை. தோட்டக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் பருவ இடைக்காலம். காலையில் வெயில், பிற்பகலில் இடியோடு மழை. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடித்துக்கொண்டு வரும் திடீர்க் காற்றுமழைக்கு மேலே சொன்ன எந்தப் பத்தியும் முன்னறிவிப்பு தராது.

வெப்பத்துக்கு வேறு கணக்கு. எல் நினோ உச்சத்துக்குப் போவது ஆண்டுக் கடைசியில், அதன் சூடு இங்கே உறைப்பது பெரும்பாலும் அடுத்த ஆண்டு. நம் வெப்பமான ஆண்டுகளின் பட்டியலில் முன்னால் நிற்கும் 2016, 2024 இரண்டும் எல் நினோ இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள். அதற்காக வெயில் அடித்தாலே எல் நினோ என்று சொல்லிவிட முடியாது. அங் மோ கியோவில் 37 டிகிரி தொட்டு, 1983ல் தெங்காவில் பதிவான அளவைச் சமன் செய்தது 2023 மே 13. நோவா எல் நினோ வந்துவிட்டது என்று அறிவித்தது அந்த ஆண்டு ஜூன் 8.

சாங்கி எண்களும் சதவீதமும்

கடைசி இரண்டு எண் பத்திகளுக்கு வானிலை ஆய்வகத்தின் தளத்தில் பழைய தினசரிப் பதிவுகள் பகுதிக்குப் போய், நிலையத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்துக் கோப்பை இறக்குங்கள். மழையைக் கூட்டுங்கள், சராசரி வெப்பத்தைச் சராசரி எடுங்கள். 1991 முதல் 2020 வரையான சராசரியோடு ஒப்பிடுங்கள். சாங்கியில் ஆண்டுக்குச் சுமார் 2,113 மில்லிமீட்டர், டிசம்பர் மட்டும் 300க்கு மேல், பிப்ரவரி 100ஐ ஒட்டி. சாங்கியை மட்டும் பார்த்துவிட்டு "சிங்கப்பூரில் மழையே இல்லை" என்று எழுதாதீர்கள். ஜூரோங்கில் கொட்டும்போது தெம்பனிஸில் துணி காய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. உங்கள் வட்டார நிலையத்தின் மழையையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொண்டால் சில மாதங்களில் இரண்டும் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

பருவ முன்கணிப்பில் வரும் சதவீதத்தைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். மழையை மூன்று கூறாகப் பிரிப்பார்கள்: குறைவு, இயல்பு, அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் 33 சதவீதம். "இயல்பைவிடக் குறைய 50 சதவீத வாய்ப்பு" என்று போட்டால் மழை பாதியாகிவிடும் என்று அர்த்தமில்லை. பாதி வாய்ப்பு இன்னும் மற்ற இரண்டு கூறுகளிடம்தான் இருக்கிறது. அந்தச் சதவீதத்தையும் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்துச் சாங்கி எண்ணோடு ஒத்துப் பாருங்கள். யாரை எவ்வளவு நம்பலாம் என்பது மெல்லத் தெரியவரும்.

ஊரில் சொந்தம் இருப்பவர்கள் இன்னொரு பத்தி போடலாம். அங்கேயும் வடகிழக்குப் பருவமழைதான், ஆனால் தமிழ்நாட்டில் அது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, எல் நினோவுக்கு அது காட்டும் முகமும் வேறு. நமக்கு மழையைக் குறைக்கும் அதே எல் நினோ, அதே நேர்மறை இருமுனை, அங்கே பெரும்பாலும் மழையைக் கூட்டும். 2015ல் செப்டம்பர், அக்டோபரில் நாம் புகையில் இருமிக்கொண்டிருந்தோம், டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு இருமுனை எதிர்மறை, பசிபிக் லா நினா பக்கம், அங்கே பருவமழை மோசமாகப் பொய்த்தது. ஆனால் 2021ல் லா நினா இருந்தும் நவம்பரில் சென்னை மறுபடி மிதந்தது. அதனால் அக்காவுக்கு ஃபோன் போட்டு "இந்த வருஷம் கிணறு நிரம்பும்" என்று உறுதி கொடுக்காதீர்கள், "வாய்ப்பு இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முக்குளிப்பவர்களும் தெற்குத் தீவுகளுக்கு அடிக்கடி போகிறவர்களும் நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்புப் பக்கத்தையும் பார்க்கலாம். எத்தனை வாரம் எத்தனை டிகிரி அதிகச் சூடு சேர்ந்திருக்கிறது என்று கூட்டிச் சொல்லும் எண் அங்கே வரும்: 4ஐத் தொட்டால் பவளம் வெளுக்கத் தொடங்கலாம், 8ஐத் தொட்டால் சாகவும் செய்யலாம். இங்கே பவளம் பெரிய அளவில் வெளுத்த ஆண்டுகள் 1998, 2010, 2016, 2024. நான்கும் எல் நினோவுக்கு அடுத்து வந்தவை. ஆகவே எல் நினோ முடிந்த ஆண்டில் ஏப்ரலிலிருந்து இந்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாள் நிரம்ப ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. நோவாவின் நினோ பட்டியல் 1950 வரை பின்னோக்கிப் போகிறது, ஆஸ்திரேலியாவின் எஸ்ஓஐ அதைவிடப் பழையது, சாங்கி மழையும் 1980களிலிருந்து கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய ஆண்டுகள் சிலவற்றை நிரப்பிவிடலாம். 1997, 2013 இரண்டிலிருந்தும் தொடங்குங்கள். இரண்டு ஆண்டிலும் புகை மோசமாக வந்தது, 2013 ஜூன் 21ல் பிஎஸ்ஐ 401 வரை போனது. 1997ல் எல்லாப் பத்தியும் கத்தும். 2013ல் எல் நினோவே கிடையாது, குறிப்புப் பத்தியில் காற்று எந்தத் திசை, சுமத்ராவில் தீப்புள்ளி எங்கே என்று தனியாக எழுதவேண்டி வரும்.